மாற்றுக் கருத்து சொல்லும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். நரம்பு மண்டலப் பாடம் நடக்கும் வாரத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள், ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது மற்ற ஆசிரியர்கள் கேட்பவை, போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு எனக்கே எழுந்த சந்தேகங்கள், எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். அந்த வாக்குவாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே அடிக்கடி வரும். கும்பகோணம் பக்கம் ஊரில் தனியாக இருக்கும் அம்மா கொல்லைப்புறப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. அண்ணன் உடனே அம்மாவைச் சென்னைக்கே கூட்டிப்போய்விட வேண்டும் என்றார். அம்மா ஊரிலேயே இருக்கட்டும் என்றேன் நான். மூன்று வாரம் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"நீ சொல்றது தப்பு" என்று ஒருவர் சொன்னதுமே உடம்பு ஏன் சூடாகிறது?

மூளையில் காதுக்கு நேர் உள்பக்கமாக, இரண்டு பக்கமும், பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லிவிடுவார்கள், அது முழுக்கச் சரியில்லை. "இது உனக்கு முக்கியம், கவனி" என்று மணி அடிப்பதுதான் அதன் வேலை என்று எடுத்துக்கொண்டால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரலாம். மணி அடித்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், குரல் தானாக உயரும். மாடு முட்ட வந்தாலும் இதே ஏற்பாடுதான், மைத்துனர் முகத்துக்கு நேரே "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாலும் இதே ஏற்பாடுதான்.

இதைவிட முக்கியமான சங்கதி நெற்றிக்குப் பின்னால் நடக்கிறது. நிதானமாக யோசிப்பது, எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கணிப்பது, வாய்வரை வந்த சொல்லை விழுங்குவது, இதற்கெல்லாம் முன்மூளைப் புறணி (சுருக்கமாக முன்புறணி) வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாக இந்தப் பகுதியைத்தான் ஆராய்ந்து வருகிறார். நோர்அட்ரினலின், டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்கள் அளவாக இருக்கும்போது முன்புறணி நன்றாக வேலை செய்கிறது, மன அழுத்தத்தில் அவை அளவுக்கு மீறி வெளியாகும்போது அங்கிருக்கும் நரம்பு இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகின்றன என்பது அவருடைய ஆய்வுகள் காட்டுவது. சண்டை முடிந்து பஸ் ஏறிய பிறகு "அடடா, இதைச் சொல்லியிருக்கலாமே" என்று அருமையான பதில் தோன்றுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். தேவைப்பட்ட நேரத்தில் அந்தப் பகுதி முழு பலத்தோடு இல்லை.

எந்தக் கருத்தை மறுத்தாலும் இப்படித்தான் ஆகுமா?

இல்லை. 2016-இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோனஸ் கப்லானும் அவருடைய குழுவினரும் உறுதியான அரசியல் கொள்கை உள்ள 40 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் நம்பும் விஷயங்களுக்கு எதிரான வாதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். சில வாக்கியங்கள் துப்பாக்கிச் சட்டம் போன்ற அரசியல் விஷயங்கள், சில "மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன்" போன்றவை. எடிசன் விஷயத்தில் எதிர்வாதத்தைப் படித்ததும் பலரும் "இருக்கலாம்" என்று இறங்கி வந்தார்கள். அரசியல் நம்பிக்கையோ அசையவே இல்லை என்று சொல்லலாம். அரசியல் நம்பிக்கையைத் தொட்டபோது, நாம் நம்மைப் பற்றி நினைக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றவர்களுக்கு அமிக்டலாவிலும் இன்சுலா என்ற பகுதியிலும் செயல்பாடு அதிகமாக இருந்தது. இன்சுலா உடம்பின் உள்நிலையை, வயிற்றைப் பிசைவது மாதிரியான உணர்வுகளை, நமக்கு எடுத்துச் சொல்லும் இடம்.

அதாவது சில கருத்துகள் நம்மிடம் இருக்கும் தகவல் மட்டும்தான். சில கருத்துகள் "நான் யார்" என்பதோடு ஒட்டிப்போனவை. அம்மாவை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எங்கள் அண்ணனுக்கு வீட்டு ஏற்பாடு பற்றிய கேள்வி இல்லை. "நான் நல்ல மகனா" என்ற கேள்வி. இது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

ஆதாரத்தை வரிசையாக அடுக்கினால் போதாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து அண்ணனுக்கு வாட்ஸப்பில் பதினான்கு பாயிண்ட் எழுதி அனுப்பினேன். அம்மாவுக்குப் பழகிய டாக்டர், எதிர்வீட்டுக்காரர்கள், காலையில் கோயிலுக்கு நடக்கும் நடை, சென்னை ஃபிளாட்டில் பகல் முழுக்கத் தனியாக அடைந்து கிடப்பது என்று ஒன்றையும் விடவில்லை. நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

இதற்கு நேர் விளக்கம் தருகிற ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த டாலி ஷாரட் உள்ளிட்ட குழுவினர் 42 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு வீட்டின் விலை திரையில் காட்டும் தொகையைவிடக் கூடவா குறைவா என்று கேட்டு, தங்கள் பதிலின் மேல் சிறிய தொகை பந்தயம் கட்டச் சொன்னார்கள். நம்பிக்கை அதிகமென்றால் பந்தயமும் அதிகம். பிறகு ஜோடியில் மற்றவர் என்ன சொன்னார், எவ்வளவு கட்டினார் என்று காட்டி, "இப்போது உங்கள் பந்தயத்தை மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். மற்றவரும் அதே பதிலைச் சொல்லிப் பெரிய தொகை கட்டியிருந்தால் இவரும் தன் பந்தயத்தை ஏற்றினார். சரி, அது எதிர்பார்த்ததுதான். மற்றவர் எதிர்ப் பதில் சொல்லியிருந்தால்? அவர் கொஞ்சமாகக் கட்டியிருந்தாலும் சரி, நிறையக் கட்டியிருந்தாலும் சரி, பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. மூளையில் நடு முன்பகுதியின் பின்பக்கம் ஒரு இடம் இருக்கிறது, அடுத்தவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்கும் இடம். ஒத்துப்போகும்போது அது அந்த உறுதியின் அளவைப் பின்தொடர்ந்தது, முரண்படும்போது பின்தொடரவில்லை.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். வீட்டு விலை என்பது யாருடைய மானத்தையும் தொடாத விஷயம், அதிலேயே இப்படி. நாம் முரண்படும்போது குரலை உயர்த்துகிறோம், "நூறு சதவீதம் உறுதியா சொல்றேன்" என்கிறோம், பாயிண்ட்டைப் பதினான்காக்குகிறோம். எதிரே இருப்பவரின் மூளை அந்த உறுதியின் அளவைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஒத்துப்போகிற ஒரு இடம் திறந்தால்தான் அந்தக் கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. ஆய்வு இதை நேரடியாகச் சோதிக்கவில்லை, இது நான் எடுத்துக்கொண்ட அர்த்தம். ஆனால் என் வாழ்க்கையில் இதைவிட உபயோகமான அர்த்தம் வேறு எந்த ஆய்விலிருந்தும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆதாரம் காட்டினால் ஆள் இன்னும் பிடிவாதமாகிவிடுவார் என்கிறார்களே?

2010-இல் வந்த ஒரு ஆய்வு அப்படிச் சொன்னது, அது வேகமாகப் பரவியது. பிறகு தாமஸ் உட்டும் ஈதன் போர்ட்டரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். சரியான தகவலைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் அந்தத் தகவல் அளவில் திருத்திக்கொள்கிறார்கள், அப்படித் தலைகீழாகத் திரும்புவது மிக அபூர்வம். ஆகவே ஆதாரமே வீண் என்று விட்டுவிட வேண்டாம். தகவலைத் திருத்திக்கொண்டாலும் நிலைப்பாடு அப்படியே நிற்கலாம், அது வேறு.

கூட்டத்தில் எல்லோரும் ஒரு பக்கம் இருக்கும்போது எனக்கு வாயே வருவதில்லை. நான் கோழையா?

நிச்சயமாக இல்லை. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய பரிசோதனையில், மூன்று கோடுகளில் எது இந்தக் கோட்டுக்குச் சமம் என்ற, சின்னக் குழந்தையும் சொல்லிவிடும் கேள்விக்கு, அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் (அவர்கள் ஆஷின் ஆட்கள்) தப்பான பதிலைச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். 2005-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பர்ன்ஸ் இதே மாதிரியான சோதனையை ஸ்கேன் கருவிக்குள் வைத்துச் செய்தார். கூட்டத்தை மறுத்துத் தனியாக நின்றவர்களுக்கு அமிக்டலா கூடுதலாக வேலை செய்தது. சரியான பதிலைச் சொல்லும்போதே அதற்கு உடம்பு ஒரு விலை கொடுக்கிறது.

ஆஷின் முடிவுகளில் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது இன்னொன்று. அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், மற்றவர்கள் எல்லோரும் தப்பாகச் சொன்னாலும் கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கோ சங்கக் கூட்டமோ, எழுந்து பேசப் பயமாக இருந்தால் முதல் நாளே ஒருவரிடம் "எனக்கு இப்படித் தோணுது, உங்களுக்கு?" என்று கேட்டு வையுங்கள். இரண்டாவது குரல் இருந்தால் அறையே மாறும்.

வேண்டுமென்றே ஒருவரை எதிர்ப்பக்கம் பேச வைத்தால் நல்ல முடிவு வருமா? பட்டிமன்றம் மாதிரி?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதராக அறிவிக்கும் முன் அவருக்கு எதிராக வாதாடவே ஒரு பதவி வைத்திருந்தார்கள். 1587-இல் முறைப்படி ஏற்பட்ட அந்தப் பதவியின் வேலையை 1983-இல் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உளவியலாளர் சார்லன் நெமத், ஒப்புக்கு எதிர்ப்பவர் இருக்கும் குழுவையும் உண்மையாகவே மாறுபடுபவர் இருக்கும் குழுவையும் 2001-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். உண்மையாக மாறுபடுபவர் இருந்த குழுவில்தான் புதிய யோசனைகள் அதிகமாக வந்தன. ஒப்புக்கு எதிர்க்கிறார் என்று தெரிந்தால் நாம் அவருக்குப் பதில் தயார் செய்கிறோம், நம் கருத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. பட்டிமன்றத்தில் அணி பிரித்துக் கொடுப்பதும் அப்படித்தான். கேட்கச் சுவை, எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் பேசுபவர் நடுவில் "நீங்கள் சொல்வது சரி, என் எண்ணம் மாறிவிட்டது" என்று சொல்ல அங்கே இடமில்லை.

கோபம் தலைக்கேறிவிட்டது. இப்போது என்ன செய்வது?

நிறுத்துங்கள். தம்பதிகளின் சண்டைகளைப் பல வருடம் அளந்து பார்த்த ஜான் காட்மன், உட்கார்ந்த நிலையிலேயே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் அடுத்தவர் சொல்வது ஏறாது என்கிறார். இருபது நிமிடமாவது விலகி இருக்கச் சொல்கிறார், ஏனென்றால் ரத்தத்தில் கலந்தது கரைய நேரம் வேண்டும். அந்த இருபது நிமிடமும் "எப்படிச் சொன்னான் பார்" என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனமில்லை. துணி மடியுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கிளம்பும்போது "அப்புறம் பேசலாம், எட்டு மணிக்கு வரேன்" என்று நேரம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இல்லையென்றால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதாகத்தான் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2007-இல் மாத்யூ லீபர்மன் குழுவினர் 30 பேருக்குக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டி, சில நேரம் அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள், சில நேரம் அந்த முகத்துக்குப் பொருத்தமான ஆள் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். "கோபம்" என்று உணர்ச்சிக்குப் பெயர் வைத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது, முன்புறணியின் வலது கீழ்ப்பகுதி கூடியது. ஆள் பெயர் தேர்ந்தெடுத்தபோது அப்படி ஆகவில்லை. "எனக்கு இப்ப கோபமா வருது", "பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்வது சும்மா சொல்கிற ஆறுதல் பேச்சு இல்லை.

மெசேஜிலா, போனிலா, நேரிலா?

முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில். ஜூலியானா ஷ்ரோடரும் நிக்கலஸ் எப்லியும் 2017-இல் வெளியிட்ட சோதனைகளில், தனக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் குரலில் கேட்டவர்கள் அவரை யோசிக்கிற மனிதராக மதித்தார்கள். அதே சொற்களை எழுத்தில் படித்தவர்கள் அந்த அளவு மதிக்கவில்லை. குரலில் தயக்கமும் ஏற்ற இறக்கமும் இருக்கின்றன, ஒரு மனசு அங்கே வேலை செய்வது காதுக்குத் தெரிகிறது. குடும்பக் குரூப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி, போன் போட்டிருந்தால் நடந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

ஹார்வர்டில் ஜூலியா மின்சன் இதையே ஆராய்கிறார். முரண்படும்போதும் அடுத்தவரைத் திறந்த மனதோடு கேட்பதாகக் காட்டும் சொற்கள் எவை என்று அவருடைய குழு 2020-இல் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை அலசியது. அவர்கள் கண்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்று கொஞ்சம் இறங்கிப் பேசுவது, "இந்த இடத்துல நீங்க சொல்றது சரி" என்று ஒத்துப்போகும் இடத்தை முதலில் சொல்வது, அவர் சொன்னதை நம் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்வது, "அது கூடாது" என்பதற்குப் பதில் "இப்படிச் செஞ்சா நல்லா இருக்கும்" என்பது. "ஏனென்றால்", "ஆகவே" என்று விளக்கம் அடுக்குவது எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம், விளக்குவதே நம் தொழில்.

நான் சென்னைக்குப் போனேன். அண்ணன் சமையல்கட்டில் கீழே பேப்பர் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு இணுக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம், "அம்மா விழுந்தாங்கன்னு கேட்டப்ப எனக்குக் கை நடுங்கிடுச்சுண்ணே" என்றேன். அண்ணன் நிமிரவில்லை. "எனக்கு இன்னும் ராத்திரி போன் அடிச்சா திக்குனு இருக்கு பாப்பா" என்றார். "தனியா இருக்கும்போது மறுபடி விழுந்தா என்ன பண்றதுங்கிறதுதான் உனக்கு?" என்று கேட்டேன். "அதுதான்." கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "அந்தக் கொல்லைப்பக்கம் எத்தனை படி இருக்கு, மூணா நாலா?" என்று அவர் கேட்டார். அந்த மூன்று வாரத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதினான்கு பாயிண்ட்டில் படியைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

ஒரே பேச்சில் ஒருவர் மனசு மாறுமா?

சில நேரம். டேவிட் ப்ரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பிரச்சாரகர்கள் மியாமியில் வீடு வீடாகப் போய்ச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். திருநர்கள் மீதான வெறுப்பு பற்றிய பேச்சு. வாதாடவில்லை, "உங்களை யாராவது வித்தியாசமா பார்த்து ஒதுக்கின அனுபவம் இருக்கா?" என்கிற மாதிரி அவர்கள் கதையைக் கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் இருந்தது. எல்லோருக்கும் இல்லை, சராசரியில். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு அது பெரிய விஷயம்.

கருத்து வேறுபாடே இல்லாமல் இருப்பதுதானே நல்லது?

பீட்டர் வேசன் என்ற உளவியலாளரின் புதிர் ஒன்றை வகுப்பில் கொடுப்பேன். நான்கு அட்டைகள்: அ, க், 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். "உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண் இருக்கும்" என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும்? 'அ'வும் 4-ம் என்று கைகள் எழும். சரியான விடை 'அ'வும் 7-ம். அமெரிக்காவில் 1998-இல் மோஷ்மனும் கெய்லும் இந்த வகைப் புதிரை மாணவர்களுக்குக் கொடுத்தபோது தனியாகச் செய்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான் சரியாக வந்தது. ஐந்தாறு பேராக உட்கார்ந்து வாதாடிய 20 குழுக்களில் 15 சரியாகச் சொன்னது. தன் தப்பைக் கண்டுபிடிப்பதில் நாம் மந்தம், அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். சண்டையாக மாறாத வாக்குவாதத்தில் அந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லோருக்கும் பயன்படுகிறது. என் வகுப்பில் 7-ஐச் சொல்வது பெரும்பாலும் பின்பெஞ்சில் யாராவது, தயங்கித் தயங்கி, "மிஸ், 4-க்குப் பின்னாடி எது இருந்தாலும் விதி உடையாதே?" என்று.

இந்த ஸ்கேன் படங்களை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சம் நிதானத்தோடு. ஸ்கேன் நேரடியாகச் சிந்தனையை அளப்பதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் எங்கே கூடுகிறது என்று அளக்கிறது. 2009-இல் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேன் செய்து, புள்ளியியல் திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையிலும் "செயல்பாடு" தெரியும் என்று காட்டினார்கள். துறை முழுவதும் கவனமாக வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. அமிக்டலா கூடுதலாக இயங்கினால் அந்த ஆள் பயப்படுகிறார் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அதே பகுதி ஆவலிலும் இயங்கும். மேலே சொன்னவற்றில் பல ஆய்வுகள் சில பத்து பேரை வைத்துச் செய்தவை, பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில். அண்ணன் தங்கை, மாமியார் மருமகள் என்று வயதும் முறையும் பார்த்துப் பேசுகிற நம் வீடுகளில் இதே சோதனைகளை யாராவது செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

யாரிடம் இதெல்லாம் செய்யவே கூடாது?

அடிப்பவரிடம், மிரட்டுபவரிடம், உங்களை மனிதராகவே மதிக்காதவரிடம். அங்கே அமிக்டலா அடிக்கும் மணி சரியான மணி. விலகுங்கள், துணைக்கு ஆள் தேடுங்கள்.

உங்கள் அம்மா இப்போது எங்கே?

ஊரில்தான். கொல்லைப்புறத்தில் நான்கு படி, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. அண்ணனே நின்று அளவெடுத்து, அம்மாவின் கைக்கு எந்த உயரம் வாகாக இருக்கிறது என்று பிடித்துப் பார்க்கச் சொல்லிப் போட்டார். மழைக்காலம் இரண்டு மாதம் சென்னையில். அண்ணனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை, தை பிறந்ததும் அம்மாவைத் திருப்பி அனுப்பும்போது மறுபடி அந்தப் பேச்சை எடுப்பார். நான் நேரில் போவேன்.